மலேரியாவும் கொசுவும்: ஒரே கண்டுபிடிப்புக்கு ஏன் இரண்டு தேதி?

ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். 1897-இல் அந்தத் தேதியில்தான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டுபிடித்தார் என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்போம். கொல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை வாசலில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் வேறு கணக்கு பொறித்திருக்கிறார்கள். இந்த வாசலிலிருந்து எழுபது கெஜ தூரத்தில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில், 1898-இல், மலேரியாவைக் கொசுக்கள் கொண்டு சேர்க்கும் விதத்தை ராஸ் கண்டுபிடித்தாராம்.

ஊரும் வேறு, வருஷமும் வேறு. யாரோ தப்பாக எழுதிவிட்டார்களா என்றால், இல்லை. இரண்டுமே சரிதான். கண்டுபிடிப்பு இரண்டு பாதியாக வந்தது. முதல் பாதி செகந்திராபாத்தில் கிடைத்தது, மறு பாதி கல்கத்தாவில். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷ இடைவெளி. "கொசு கடித்தால் மலேரியா வரும்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லிவிடுகிற வாக்கியத்துக்குள் இந்த இரண்டு பாதியும் ஒளிந்திருக்கின்றன.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மலேரியாவை நம் பக்கம் முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்பார்கள். பல்லைக் கிட்ட வைக்கும் குளிர், பிறகு கொதிக்கிற காய்ச்சல், பிறகு துணியைப் பிழிகிற மாதிரி வியர்வை. அதோடு விட்டது என்று எழுந்து உட்கார்ந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் மறுபடி வந்து நிற்கும். ஐரோப்பியர்கள் வைத்த பெயர் இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படும். சதுப்பு நிலத்தின் பக்கம் இரவில் வீசும் காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீர், இரவு நேரம், மழைக்குப் பிந்தைய மாதங்கள் என்று அவர்கள் கவனித்ததெல்லாம் சரியாகவே இருந்தது. காற்றில் பறந்து வந்த ஆள் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படவில்லை.

மருந்து ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொயினா காய்ச்சலைத் தணிக்கும் என்று தெரியும். அதற்காகவே நீலகிரியில் சின்கோனா பயிரிட்டு, நடுவட்டத்தில் அரசு கொயினா தொழிற்சாலையும் வைத்திருந்தார்கள். எதற்கு மருந்து கொடுக்கிறோம், அது எப்படி உடம்புக்குள் வந்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

முதல் வெளிச்சம் இன்னொரு ராணுவ மருத்துவரிடமிருந்து வந்தது. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த லவரான், 1880 நவம்பர் 6 அன்று ஒரு நோயாளியின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கரும்புள்ளிகள் கொண்ட உருண்டை ஒன்றிலிருந்து மெல்லிய இழைகள் வெளியே வந்து சாட்டை மாதிரி சுழன்றன. உயிருள்ள ஏதோ ஒன்று ரத்தத்துக்குள் குடியிருக்கிறது என்று அவர் சொன்னார். இன்று நாம் பிளாஸ்மோடியம் என்று சொல்லும் ஒட்டுண்ணி அது.

அந்தக் கரும்புள்ளிகளை இந்த இடத்திலேயே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க அவைதான் துப்பு. ஒட்டுண்ணி நம் ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அங்கிருக்கும் ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் இருக்கும் இரும்புச் சத்துள்ள பகுதியை அதனால் செரிக்க முடியாது. அதைக் கெட்டியாக்கி, கரும்பழுப்புத் துகளாகத் தன் உடம்புக்குள்ளேயே ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அடுப்புக்குள் சாம்பல் கிடந்தால் அங்கே எதையோ எரித்திருக்கிறார்கள் என்று தெரிவது போல, இந்தத் துகள் கிடந்தால் மலேரியா ஒட்டுண்ணி அங்கே சாப்பிட்டிருக்கிறது.

லேப் டெக்னீஷியன் படிப்பில் எனக்கு முதன்முதலில் மலேரியா ஸ்லைடு கொடுத்த நாள் நினைவிருக்கிறது. ஜீம்சா சாயம் போட்ட தகடு, எண்ணெய் சொட்டு வைத்துப் பார்க்கும் லென்ஸ். வெளிர் சாம்பல் நிறத்தில் வட்டவட்டமாகச் சிவப்பணுக்கள். ஒன்றுக்குள் நீல நிற மோதிரம், மோதிரத்தில் கல் வைத்தது போல ஒரு சிவப்புப் புள்ளி. இன்னும் முற்றிய ஒன்றில் பொடிப்பொடியாகப் பழுப்புத் துகள். "மேடம், இதோ இருக்கு" என்று கத்திவிட்டு அடுத்த ஸ்லைடிலும் அதே மாதிரி துகளைக் காட்டினேன். அது சரியாக வடிகட்டாத சாயத்தின் கசடு. வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. துகள் செல்லுக்குள் இருக்கிறதா, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று லென்ஸை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். எனக்குச் சாயமும் நல்ல விளக்கும் இருந்தன. ராஸ் அதே துகளைச் சாயமில்லாமல், ஒரு கொசுவின் வயிற்றில் தேடினார்.

ராஸ் பிறந்தது இமயமலைப் பக்கம் அல்மோராவில், 1857-இல். அப்பா ராணுவ ஜெனரல். பையனுக்குக் கவிதையிலும் ஓவியத்திலும்தான் நாட்டம். அப்பா பிடிவாதத்தால் மருத்துவம் படித்து, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். வேலையில் ஆரம்பத்தில் பெரிய அக்கறை காட்டியவர் மாதிரித் தெரியவில்லை. திருப்பம் 1894-இல் லண்டனில் வந்தது. பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் அவருக்கு நுண்ணோக்கியில் லவரானின் ஒட்டுண்ணியைக் காட்டினார்.

மான்சன் சாதாரண ஆள் இல்லை. சீனாவில் வேலை பார்த்த காலத்திலேயே, யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைக் கண்டவர். மலேரியா பற்றி அவர் போட்ட கணக்கு அழகானது. லவரான் பார்த்த அந்தச் சாட்டை இழைகள் உடம்புக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிவருவதில்லை. ரத்தத்தை வெளியே எடுத்துச் சற்று நேரம் ஆன பிறகுதான் வருகின்றன. அப்படியென்றால் அது ஒட்டுண்ணி மனித உடம்பை விட்டு வெளியே போனபின் வாழும் வாழ்க்கையின் ஆரம்பமாக இருக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்துப்போகிறவர் யார்? கொசு.

இதுவரை பிரமாதம். அடுத்த படியில் மான்சன் சறுக்கினார். கொசு ஒரே ஒருமுறைதான் ரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் முட்டையிட்டு அங்கேயே செத்துப்போகும் என்று அவர் நம்பினார். எனவே ஒட்டுண்ணி அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும், அதைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வரும் என்று முடிவு கட்டினார். 1895-இல் செகந்திராபாத் வந்து சேர்ந்த ராஸ் அதை அப்படியே சோதித்தார். நோயாளியைக் கடித்த கொசுக்கள் செத்துக் கிடந்த தண்ணீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தார். ஒருவருக்கு லேசாகக் காய்ச்சல் வந்ததும் துள்ளிக் குதித்தார். மேலும் பலருக்குக் கொடுத்துப் பார்த்ததில் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. இன்றைக்கு இப்படியொரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. தண்ணீரைக் குடித்தவர்கள் ராணுவ அதிகாரியின் கைக்கு அடியில் இருந்த ஏழைகள் என்பதையும் மறக்க முடியவில்லை.

இன்னொரு சிக்கல், அவர் பிடித்துவைத்திருந்த கொசுவே தப்பான கொசு. செகந்திராபாத்தில் எளிதாகக் கிடைத்தவை இரண்டு வகை. ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று உடம்பில் கோடு போட்டது. நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, இந்தக் கொசுக்களை உள்ளே விட்டுக் கடிக்க வைத்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் பார்த்தும் ஒன்றுமில்லை. இன்று அவற்றைக் கியூலெக்ஸ், ஏடிஸ் என்போம். ஏடிஸ் டெங்குவைப் பரப்பும். மனித மலேரியா ஒட்டுண்ணி இந்த இரண்டிலும் பிழைக்காது. தன்னிடம் இருக்கும் கொசுவுக்கு என்ன பெயர் என்று பார்க்கக்கூட அவரிடம் புத்தகம் இல்லை. அவராகவே நிறத்தை வைத்துப் பெயர் சூட்டிக்கொண்டார்.

நடுவில் பெங்களூரில் காலராவைக் கவனிக்க அனுப்பினார்கள். 1897 கோடையில் விடுப்பெடுத்து ஊட்டிக்கு வந்தார். ஊட்டியிலிருந்து வடக்கே இறங்கும் சீகூர்ப் பள்ளத்தாக்கு காய்ச்சலுக்குப் பேர்போன இடம். தேடிப்போய் அங்கே தங்கினார், அவருக்கே மலேரியா வந்தது. காய்ச்சலோடு ஒரு லாபமும் கிடைத்தது. சிறகில் புள்ளி போட்ட, சுவரில் உட்காரும்போது வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் புது மாதிரிக் கொசு ஒன்றை அங்கே பார்த்தார்.

இதை நீங்களும் வீட்டில் பார்க்கலாம். சாதாரணக் கியூலெக்ஸ் கொசு சுவருக்கு இணையாக, கூன் விழுந்த மாதிரி உட்காரும். ராஸ் பார்த்த புது மாதிரிக் கொசு, அதாவது மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ், தலையைச் சுவரில் குத்தி, உடம்பை ஆணி அடித்தது போலச் சாய்வாக நிறுத்தும். புழுவிலும் வித்தியாசம் உண்டு. கியூலெக்ஸ் புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும், வாலில் இருக்கும் குழாயால் மூச்சு விடும். அனாபிலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது, அதனால் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி நீட்டிப் படுத்திருக்கும்.

செகந்திராபாத் திரும்பி, மதராஸ் காலாட்படைப் பிரிவு ஒன்றின் மருத்துவராக வேலையைத் தொடர்ந்தார். பேகம்பேட்டையில் சின்ன மருத்துவமனை. ஆகஸ்டில் அவருடைய ஆட்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து அந்தப் புள்ளிச் சிறகுக் கொசுக்கள் பொரிந்து வந்தன. ரத்தத்தில் பிறை வடிவ ஒட்டுண்ணிகள் இருந்த ஹுசைன் கான் என்ற நோயாளியை வலைக்குள் படுக்கவைத்து ஆகஸ்ட் 16 அன்று கடிக்கவிட்டார். கூலி, கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா.

அந்த அறையைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாங்க முடியாத புழுக்கம். பங்கா இழுக்கச் சொன்னால் மேசையில் இருக்கும் கொசு பறந்துவிடும், அதனால் காற்று கிடையாது. நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்துப் போயிருந்தன. கண் வைக்கும் லென்ஸில் விரிசல். ஊசி முனையால் கொசுவைக் கிழித்து, ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும்.

சில கொசுக்கள் முதல் நாட்களிலேயே அறுக்கப்பட்டன. ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 20 அன்று, ரத்தம் குடித்து நான்கு நாள் ஆன கொசு ஒன்றை எடுத்தார். மற்ற இடங்களையெல்லாம் பார்த்து முடித்து, கடைசியாக இரைப்பைச் சுவருக்கு வந்தார். அங்கே கொசுவின் சொந்த செல்களுக்கு நடுவே, வேற்றாள் மாதிரி வட்டமான ஓர் உருண்டை. அதற்குள் கரும்புள்ளிகள். நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்துப் பழகிய அதே துகள்கள். கொசுவின் உடம்பில் இந்தத் துகள் உண்டாக வேறு வழியே கிடையாது. மறுநாள் மீதமிருந்த கொசுவை அறுத்தார். அதிலும் அதே உருண்டைகள், முந்தைய நாளைவிடப் பெரிதாக. என் கணக்கில் முக்கியமான வரி இந்த 'பெரிதாக'தான். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் ஒரே நாளில் பெரிதாகாது, உயிருள்ளதுதான் வளரும். அன்று அவர் கவிதையும் எழுதினார். கவிஞராக அவர் நினைவில் நிற்காததற்கு அந்தக் கவிதையும் ஒரு சாட்சி.

ஆக, 1897-இல் தெரிந்தது இவ்வளவு: மனிதனிடமிருந்து ஒட்டுண்ணி கொசுவுக்குள் போகிறது, இந்த வகைக் கொசுவில் மட்டும் வளர்கிறது. அது திரும்ப மனிதனுக்குள் எப்படி வருகிறது? இது அவருக்குத் தெரியாது. நினைவுச் சின்னத்தின் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கொசுவை நாம் ஊசி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஒருவரைக் குத்தி எடுத்த ரத்தத்தை இன்னொருவருக்குள் விட்டுவிடும் என்று. கொசுவின் வாய் அப்படி வேலை செய்வதில்லை. அதில் இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒன்றின் வழியே ரத்தம் உறிஞ்சப்பட்டு வயிற்றுக்குப் போகும், திரும்பி வராது. இன்னொன்றின் வழியே உமிழ்நீர் நம் தோலுக்குள் இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்க அது விடும் எச்சில் அது, நமக்கு அரிப்பு எடுப்பதும் அதனால்தான். கொசுக்கடியால் எய்ட்ஸ் பரவாததற்கும் இதுவே காரணம். அந்த வைரஸ் கொசுவின் வயிற்றோடு அழிந்துவிடுகிறது. எச்சில் பாதைக்கு வர அதற்கு வழி தெரியாது. மலேரியா ஒட்டுண்ணிக்கு அந்த வழி தெரியும் என்பதை யாராவது கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது.

ராஸுக்கோ உடனே இடமாற்றம். மலேரியா அரிதாக இருந்த ராஜபுதனத்தில் (இன்றைய ராஜஸ்தான்) கேர்வாரா என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அரசாங்க ஆணைகளுக்கு என்றுமே நேரம் பார்க்கத் தெரியாது. மான்சன் லண்டனில் பரிந்து பேசி, 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆய்வுக்கு இடம் கிடைத்தது. அங்கே வேறு தொல்லை. பிளேக் தடுப்பூசிப் பீதி ஊரைப் பிடித்திருந்ததால், விரலில் ஊசி குத்த வெள்ளைக்கார டாக்டரிடம் யாரும் கை நீட்டவில்லை. மனிதர்கள் கிடைக்காததால் ராஸ் பறவைகளிடம் போனார். சிட்டுக்குருவிகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. அதைப் பரப்புவது, செகந்திராபாத்தில் அவர் காலத்தை வீணாக்கிய அதே சாம்பல் நிறக் கியூலெக்ஸ். இந்தத் தடவை அது சரியான கொசுவாக அமைந்தது.

குருவிகளைக் கடித்த கொசுக்களை நாள்வாரியாக அறுத்தார். இரைப்பைச் சுவரில் உருண்டைகள் வளர்ந்தன, ஒரு கட்டத்தில் வெடித்தன. உள்ளிருந்து நூல் போன்ற நுண்ணிய கம்பிகள் ஆயிரக்கணக்கில் வெளியேறிக் கொசுவின் உடம்பெங்கும் பரவின. அவை எங்கே போகின்றன? 1898 ஜூலை ஆரம்பத்தில், கொசுவின் தலைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சுரப்பிக்குள் அவை குவிந்து கிடப்பதைப் பார்த்தார். அந்தச் சுரப்பியின் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் அது கொசுவின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. உமிழ்நீர்ச் சுரப்பி! அதன்பின் அந்தக் கொசுக்களை நோயில்லாத குருவிகள் மேல் விட்டார். உதவியாளர் முகமது பக்ஸ் கொசு வளர்ப்பதிலும் குருவி பிடிப்பதிலும் கூடவே நின்றார். கடிபட்ட குருவிகளில் பெரும்பாலானவற்றின் ரத்தம் சில நாளில் ஒட்டுண்ணிகளால் நிறைந்தது. செய்தியை மான்சனுக்கு அனுப்ப, அவர் அந்த மாதமே எடின்பரோவில் மருத்துவர்கள் கூட்டத்தில் அறிவித்தார்.

பறவையில் நடந்தது மனிதனிலும் நடக்குமா? அதே வருஷக் கடைசியில் இத்தாலியில் கிராஸ்ஸி என்ற விலங்கியலாளரும் அவர் தோழர்களும், அனாபிலஸ் கொசுதான் என்று வகையைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டி, மனிதரில் அதைக் காட்டினார்கள். 1900-இல் ரோமில் நோயாளிகளைக் கடித்த கொசுக்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். சின்ன வயதிலிருந்து இங்கிலாந்தை விட்டு வெளியே போகாத ஒரு மருத்துவ மாணவர் அவற்றுக்குக் கை நீட்டினார். மான்சனின் சொந்த மகன் அவர். காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் ஒட்டுண்ணி தெரிந்தது, கொயினாவில் குணமானது. அதற்குமேல் வாதாட யாருக்கும் வழியில்லை. 1902-இல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் போனது; இத்தாலியர்களுக்கும் அவருக்கும் நடந்த சண்டையில் இரு பக்கமும் பேசிய பேச்சு பெருமைப்படும்படி இல்லை. லவரானுக்கு 1907-இல் கிடைத்தது.

சுற்று முழுமையும் இப்படி: கடித்த கொசுவின் எச்சிலோடு கம்பி வடிவ ஒட்டுண்ணிகள் நமக்குள் இறங்கி முதலில் கல்லீரலுக்குப் போகின்றன (குரங்குகளிலும் மனிதரிலும் இதைக் காட்ட 1948 வரை ஆனது). அங்கே பெருகி ரத்தச் சிவப்பணுக்களில் புகுந்து, தின்று, கூட்டமாக வெடித்து வெளியேறும்போது நமக்குக் குளிர் தூக்கிப்போடுகிறது. சில ஒட்டுண்ணிகள் ஆண், பெண் என்று மாறி அடுத்த கொசுவுக்காக ரத்தத்தில் காத்திருக்கும். லவரான் பார்த்த சாட்டைகள் அந்த ஆண் செல்கள்தான். கொசுவின் வயிற்றில் அவை இணைகின்றன, இரைப்பைச் சுவரில் ராஸின் உருண்டை ஆகின்றன, வெடித்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகின்றன. கொசுவுக்குள் நடக்கும் இந்தப் பகுதிக்கு மட்டும் வெப்பமான ஊரில் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். கடிப்பது பெண் கொசு மட்டுமே, முட்டை வளர ரத்தம் வேண்டும் என்பதால்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளை மனதில் வைத்துக்கொண்டால் சுகாதாரத் துறை செய்யும் பல காரியங்களுக்குக் காரணம் புரியும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான். மலேரியாவைப் பரப்ப அது நோயாளியைக் கடிக்க வேண்டும், பிறகு இத்தனை நாள் சாகாமல் இருக்க வேண்டும், பிறகு இன்னொருவரைக் கடிக்க வேண்டும். கிராமங்களில் வீட்டுக்குள் வந்து சுவரில் மருந்தடித்துவிட்டு, கதவு ஓரம் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். "காத்துல அடிக்காம செவத்துல அடிக்கிறானே, செவத்துலயா காய்ச்சல் இருக்கு?" என்று என் அப்பத்தா கேட்பார். வயிறு நிறைய ரத்தம் குடித்த கொசு பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். மருந்து அங்கே காத்திருக்கும். வயதாவதற்கு முன் கொசு செத்துவிட்டால், அதன் வயிற்றில் இருக்கும் உருண்டை வெடிக்க நேரம் இருக்காது. ராஸே பின்னாளில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் ஊரில் உள்ள கொசு அத்தனையையும் கொல்ல வேண்டியதில்லை, எண்ணிக்கையை ஓர் அளவுக்குக் கீழே தள்ளிவிட்டால் நோய் தானாகவே வற்றிவிடும் என்று. அப்போது அதை நம்பியவர்கள் குறைவு.

சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு அனாபிலஸ் ஸ்டீபன்சி. அதற்குச் சாக்கடை பிடிக்காது, நல்ல தண்ணீர் வேண்டும். கிணறு, மாடித் தொட்டி, மூடி உடைந்த சின்டெக்ஸ் இவைதான் அதன் பிரசவ அறை. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிக்கு ஏறித் தொட்டி மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கும்போது, தண்ணீர் மேல்மட்டத்தில் நீட்டிப் படுத்த புழு இருக்கிறதா, தலைகீழாகத் தொங்கும் புழு இருக்கிறதா என்றுதான் தேடுகிறார். அடுத்த முறை வந்தால் கூடவே ஏறிப் பாருங்கள், கேட்டால் காட்டுவார்.